புள்ளி பேசக் கூடாது

தையற்காரரின் மனைவியை அந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆயிரங்கோடி என்றுதான் கூப்பிடுவார்கள். காய்கறிக் கடைக்காரர் முதல் மாடிவீட்டு வாண்டுகள் வரைக்கும் அதே பேர்தான். புதிதாகக் குடிவந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். "ஆயிரங்கோடியா? அப்புறம் ஏன் அந்தம்மா அரைக் கிலோ தக்காளிக்கு இந்த மல்லுக்கட்டு கட்டுறாங்க?" என்று கேட்பார்கள். கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டே, "அது காசு இல்லீங்க, வயசு. இந்தம்மா கணக்குல இந்த அண்டம் பொறந்து ஆயிரங்கோடி வருஷம்" என்று விளக்குவார். கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் வாயைப் பிளந்துவிட்டுப் போவார்கள்.

பேர் வைத்தது தெரு இல்லை, வானாய்வுக் கூடத்துக் கேன்டீன். அதே கேன்டீன் இன்னொரு பெண்ணுக்கு ரெண்டாயிரங்கோடி என்று பேர் வைத்தது. அந்த ரெண்டாயிரங்கோடியோடு இவள் பேச்சை நிறுத்தி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொத்துத் தகராறு கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. அண்டத்துக்கு எத்தனை வயது என்பதில்தான் தகராறு. சிரிக்காதீர்கள். படித்த பெரிய மனிதர்களே இந்த ஒரு விஷயத்துக்காக ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காமல் இருந்த காலம் அது.

இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த இரண்டு பெண்கள். கூடத்தின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் ஓர் அட்டையை நீட்டினார். அட்டை நிறையக் கறுப்புப் புள்ளிகள். "இதுல எது பெருசு, எது சின்னது, வரிசையா சொல்லும்மா" என்றார். இவள் சொன்னாள். அடுத்து அவள் வந்தாள், அதையே சொன்னாள். அவ்வளவுதான் தேர்வு. வெளியே வந்ததும் அவள் இவள் காதில், "என்ன வேலைடி இது, புள்ளி எண்ணுற வேலையா? வீட்டுல சொன்னா செருப்பால அடிப்பாங்க" என்றாள். முன்பின் தெரியாதவளை எடுத்த எடுப்பிலேயே வாடி போடி என்கிறாளே என்று இவளுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணம் சிரிப்பு வந்துவிட்டது.

புள்ளி எண்ணுகிற வேலைதான். தொலைநோக்கி இரவில் வானத்தைப் படம் பிடிக்கும். படம் விழுவது ஜன்னல் கண்ணாடி கனத்தில் இருக்கும் ஒரு தட்டில். ஒரு பக்கம் வெறும் கண்ணாடி, மறுபக்கம் வெளிச்சம் பட்டால் கறுக்கிற பூச்சு. மருந்தில் கழுவி எடுத்தால் வானம் வெளுப்பாகவும் நட்சத்திரங்கள் கறுப்பாகவும் இருக்கும். பகல் வேலை நேரத்தில் அந்தத் தட்டுகளை விளக்குப் பெட்டிமேல் வைத்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி உண்டு. கைப்பிடி போட்ட குட்டிக் கண்ணாடித் துண்டு, அதில் பெரிதிலிருந்து சிறிது வரை எண் போட்ட புள்ளிகள். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து, எந்தப் புள்ளியோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஈ அடிக்கிற மட்டை மாதிரி இருப்பதால் அதற்கு ஈயடிப்பான் என்றே பேர். "வானத்துல ஈ அடிச்சிட்டு வந்தியா?" என்று தையற்காரர் கல்யாணமான புதிதில் தினமும் கேட்பார். இன்னும் கேட்கிறார் என்று வையுங்கள்.

புள்ளிக்கு எண் கொடுத்து என்ன ஆகப்போகிறது? முதல் வாரத்திலேயே இருவரும் பெரியவரிடம் கேட்டுவிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விளக்கு எத்தனை வாட்டுன்னு தெரிஞ்சா, அது எவ்வளவு மங்கலா தெரியுதுங்கிறதை வெச்சு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லிடலாம்ல? சில நட்சத்திரம் கூடிக் குறைஞ்சு துடிக்கும். அது துடிக்கிற வேகமே அதோட வாட்டைச் சொல்லிடும். மங்கலை நீங்க அளந்து கொடுத்தா தூரத்தை நான் சொல்லிடுவேன்."

"தூரம் தெரிஞ்சு?" என்றாள் இவள்.

"நட்சத்திரக் கூட்டம் எல்லாம் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகி ஓடிக்கிட்டே இருக்கும்மா. ஒரு பஸ் இப்போ எவ்வளவு தூரத்துல இருக்கு, என்ன வேகத்துல போகுதுன்னு தெரிஞ்சா, எப்போ கெளம்பிச்சுன்னு சொல்லிடலாம். எல்லாமே ஒரே எடத்துல இருந்து கெளம்பின நேரம் ஒண்ணு இருக்கு. அதுதான் அண்டம் பொறந்த நேரம்."

அவள் தாடையில் கை வைத்து யோசித்தாள். "நடுவுல டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தியிருந்தா?" என்றாள். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. ஒரே தட்டை இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருத்தி எண்ணை மற்றவள் கேட்டுவிட்டால் அவள் கண்ணும் அதன் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், எழுதிய சீட்டை மடித்துத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். புள்ளி பேசக் கூடாது என்பார்கள். தட்டில் அளந்த இடத்தைக் கண்ணாடிப் பக்கத்தில் மையால் வட்டமிடுவார்கள். இவளுக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. ஒருத்தி மையை மற்றவள் தொடக் கூடாது. ஆக, ஒரே அறையில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினார்கள், அந்த ஒன்றைத் தவிர. மாமியார் ஊரில் இருந்து வந்தால் பேச்சு. புது செருப்பு கடித்தால் பேச்சு. புள்ளியை மட்டும் பேசவே மாட்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இவளுக்கு இன்னமும் மூக்கில் தட்டு துடைக்கிற ஸ்பிரிட் வாசனை அடிக்கும். ஜன்னல் வழியே வெயில், விளக்குப் பெட்டியின் சூடு, பக்கத்து மேசையில் அவள் மூக்குக்குள்ளேயே பாட்டு முனகுகிற சத்தம். வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான சத்தத்தை இவள் கேட்டதில்லை.

பேச்சு மட்டுமா? இவளுக்குக் குழந்தை தங்கவில்லை. எந்த டாக்டரிடம் எத்தனை தடவை போனாள், எந்த வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள் என்பது தையற்காரருக்கே பாதிதான் தெரியும். முழுசாகத் தெரிந்தவள் பக்கத்து மேசைக்காரிதான், ஒவ்வொரு தடவையும் கூட வந்தவள் ஆயிற்றே. அதேபோல அவளுடைய புருஷன் படுக்கையில் விழுந்தபோது, அந்த வீடு கிடந்த கிடப்பை உள்ளே போய்ப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

அந்தச் சமயத்தில்தான் கூடம் இரண்டுபட்டது. வெளியிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர், பெரியவரின் கணக்கு தப்பு என்றார். நடுவில் தூசி இருக்கிறது, தூசி மறைப்பதால்தான் நட்சத்திரம் மங்கலாகத் தெரிகிறது, அதைப் பார்த்து ரொம்ப தூரம் என்று நினைத்துவிட்டீர்கள் என்றார். பெரியவர் கணக்கில் அண்டத்துக்கு இரண்டாயிரங்கோடி வயது, தாடிக்காரர் கணக்கில் ஆயிரங்கோடி. அளப்பவர்களையும் பிரித்துக்கொண்டார்கள். இவள் தாடிக்குப் போனாள், அவள் பெரியவரிடமே இருந்தாள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பெண்களின் சீட்டிலும் எண்கள் எப்போதும் ஒத்துத்தான் இருந்தன. அதில் சண்டையே இல்லை. அந்த எண்களை வாங்கிக்கொண்டு போய் ஆண்கள் போட்ட கணக்கில்தான் வந்தது ஆயிரங்கோடி வித்தியாசம். ஆனால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? கேன்டீன், ஆளுக்கு ஒரு பட்டத்தைக் கட்டி, இரண்டு பேரையும் கோழிச்சண்டைக்கு விடுகிற மாதிரி சீண்டிக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம். கேன்டீன் நிறையக் கூட்டம். "ஏன் பெரியவர் ஆளுங்க தூசியைக் கணக்குல சேக்க மாட்டேங்குறாங்க?" என்று யாரோ ஒரு குசும்பன் எடுத்துக் கொடுத்தான். இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வீட்டுலயே தூசி தட்டாதவங்க வானத்துலயா தட்டப் போறாங்க?"

கேன்டீனே கொல்லென்று சிரித்தது. சொல்லி முடித்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது. அந்த வீட்டை உள்ளே போய்ப் பார்த்தவள் தான் ஒருத்திதானே என்பது. அவள் டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உங்க ஆயிரங்கோடிக் கணக்குப்படி சில நட்சத்திரம் அண்டத்தைவிட வயசுல மூத்தது" என்றாள். "பிள்ளை எங்கேயாவது அம்மாவைவிட மூத்ததா இருக்குமா? பெத்திருந்தாத்தானே தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. இவள் எழுந்து போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவள் வந்து பேசுவாள் என்று இவள் காத்திருந்தாள், இவள் வந்து பேசுவாள் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு பேருக்கும் ரோஷத்தில் குறைச்சல் இல்லை. அடுத்த வாரம் இவள் தன் மேசையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள். அவள் புருஷன் இறந்தபோது இவள் போனாள். கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தாள். அதை நினைத்து அப்புறம் எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

காலம் போயிற்று. கண்ணாடித் தட்டு போய்க் கேமரா வந்தது, கேமராவைப் பின்னால் கணினி பார்த்துக்கொண்டது. இருவரும் ஓய்வு பெற்றார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்தார், தாடிக்காரரும் போய்ச் சேர்ந்தார். ஒரு நாள் இவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது டிவியில் செய்தி வந்தது. விண்ணில் சுற்றும் ஒரு கருவி, அண்டம் பிறந்த கொஞ்ச காலத்தில் கிளம்பிய மிகப் பழைய வெளிச்சத்தை அளந்திருக்கிறது. வயது ஏறக்குறைய ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷம். விரிகிற வேகமும் ஒரே சீராக இருந்ததில்லையாம். முதலில் தணிந்து, பிறகு கூடியிருக்கிறதாம்.

"ஆக ரெண்டு பேரும் அவுட்டா?" என்றார் தையற்காரர், மிஷினை நிறுத்திவிட்டு.

"நான்தான் கிட்ட. எனக்கு முந்நூத்தி எண்பது கோடிதான் தப்பு. அவளுக்கு அறுநூத்தி இருபது."

"முந்நூத்தி எண்பது கோடியைத் தப்பு விட்டுட்டு 'தான்'ங்குறியே. நான் கழுத்துல அரை இஞ்ச் தப்பு விட்டா சட்டையை மூஞ்சில வீசுறான்."

இவள் சிரிக்கவில்லை. பஸ் நடுவில் வேகத்தை மாற்றியிருக்கிறது. டீக்கடை! இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறாள். போய்ப் போனை எடுத்தாள். நம்பர் மனப்பாடம். கடைசி எண்ணை அழுத்துவதற்குள் பெத்திருந்தாத்தானே என்ற குரல் காதில் கேட்டது. வைத்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியின் கீழ் ஒரு சட்டை பொசுங்கிப் போயிருந்தது. தையற்காரர் வந்து ஸ்விட்சை அணைத்தார்.

அதற்கும் சில வருஷம் கழித்துக் கூடத்தில் இருந்து அழைப்பு வந்தது. தட்டறையைப் பார்த்துக்கொள்கிற காப்பாளர், சின்ன வயசுப் பெண், பேசினாள். தட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். கணினி மை வட்டத்தையும் நட்சத்திரம் என்று எண்ணிவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுத்து வைத்துவிட்டு மையைத் துடைக்கிறார்கள்.

"அதுல ஒரு பையன் பக்கம் மாத்தித் துடைச்சிட்டான்மா. மையும் இருக்கு, வானம்தான் காணோம்."

"அடப்பாவி! பூச்சைத் துடைச்சிட்டானா?" இவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். யாரோ வீட்டுப் பிள்ளை கீழே விழுந்த மாதிரி பதறியது.

"அதான், பழகினவங்க நீங்க வந்து எங்க ஆளுங்களுக்குக் காட்டிட்டா நல்லது. அவங்களும் வரேன்னு சொல்லியிருக்காங்க."

எவங்க என்று இவள் கேட்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். தையற்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "போ. மையைத்தானே துடைக்கப் போற, மானத்தை இல்லையே" என்றார்.

போனாள். அதே அறை. அதே ஜன்னல், அதே வெயில். நீள மேசையின் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் ஒரு கைத்தடி. இவள் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினாள். ஆனால் இவளைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி எங்கேயோ பார்த்தாள். இன்னும் திமிர் போகவில்லை பார் என்று இவள் நினைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பாளர் தட்டுகளையும் துணியையும் ஸ்பிரிட்டையும் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கவனித்தாள்.

தட்டை எடுத்ததும் எது கண்ணாடிப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மூலையில் வாயால் ஊதினால் கண்ணாடிப் பக்கத்தில் ஆவி படியும், பூச்சுப் பக்கத்தில் படியாது. இருவரும் காலமெல்லாம் ஊதித்தான் பார்ப்பார்கள். இவள் ஊதினாள். அவள் ஊதவில்லை. தட்டின் ஓரத்தைக் கீழுதட்டில் வைத்தாள். பூச்சு என்றால் உதட்டில் லேசாக ஒட்டும்.

"ஐயோ, வாயில வைக்காதீங்கம்மா!" என்று காப்பாளர் பதறினாள்.

"பழக்கம்மா" என்றாள் அவள்.

பழக்கமா? இவளுக்குத் தெரியாத பழக்கமா? இருட்டறையில் தட்டைக் கழுவுகிறவர்கள்தான் உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள், இருட்டில் ஆவி தெரியாது என்பதால். இந்த அறையிலோ வெயில் கொட்டிக் கிடக்கிறது. இவள் தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியால் மையின் மேட்டைத் தடவித் தேடி, அதன்மேல் துணியை வைத்துத் துடைத்தன. ஒரு சிவப்பு வட்டம் விரலுக்குத் தப்பிவிட்டது. துணி அதைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வரவே இல்லை. கண்ணெதிரே பளிச்சென்று கிடந்த வட்டம் அது. திமிரும் இல்லை, மண்ணும் இல்லை. அவளுக்குக் கண் தெரியவில்லை.

காப்பாளர் அடுத்த அடுக்கை எடுக்கப் போனாள். போகும்போது, "இதுதான்மா அந்தச் சுருள் தட்டு. உங்க ரெண்டு பேர் மையும் இதுலதான் ஜாஸ்தி" என்று விளக்குப் பெட்டிமேல் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். பெரியவரும் தாடிக்காரரும் அதிகமாக அடித்துக்கொண்ட சுருள் வடிவ நட்சத்திரக் கூட்டம் அதில்தான் இருந்தது.

அவள் கையை நீட்டி மேசையைத் துழாவி லென்ஸை எடுத்தாள். "துடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்துடறேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல் பொதுவாக. ஈயடிப்பானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மறுகையில் பென்சில். வெகு நேரம் குனிந்தே இருந்தாள். பென்சில் காகிதத்தைத் தொடவில்லை.

இவளால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய்ப் பக்கத்தில் போட்டாள். தன் லென்ஸைக் கண்ணில் வைத்தாள். ஈயடிப்பான் பிடித்திருந்த அந்தக் கையைப் பிடித்து, சரியான இடத்துக்கு நகர்த்தினாள்.

"மேல் மூலை, நீ வட்டம் போட்டது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல. ஏழு பக்கமா சாஞ்சிருக்கு."

கை அசையாமல் நின்றது.

"புள்ளி பேசக் கூடாதுடி" என்றாள் ரெண்டாயிரங்கோடி.

"யாருகிட்ட போய்க் கோள் மூட்டப் போற? பெரியவரும் இல்ல, தாடியும் இல்ல."

"எனக்கு அப்பவும் அதேதான் வந்துச்சு. ஏழு பக்கமாத்தான்."

"எப்போலேர்ந்து இப்படி?"

"வலது போய் ரொம்ப நாளாச்சு. இடதுல வெளிச்சம் மட்டும் தெரியுது. முடியாதுன்னுதான் சொல்ல இருந்தேன். நீயும் வருவேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. பஸ் நடுவுல டீக்கு நின்னுச்சாமே, கேட்டியா? நியூஸ் கேட்டப்போ உனக்குத்தான் போன் பண்ணப் போனேன்."

"நானும்தான்டி. நம்பரை அழுத்திக்கிட்டே வந்து, கடைசி எண்ணுல..."

"அன்னிக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அவர் கால்மாட்டுல உக்காந்து அழுதேன்."

"நான்தானே ஆரம்பிச்சேன். உன் வீட்டுல நுழைஞ்சு பாத்ததை நாலு பேர் முன்னாடி சொன்னேனே, நான் மனுஷியா?"

இரண்டு கிழவிகளும் அழுதார்கள். கண்ணீர் தட்டில் விழாமல் இருக்க, அழும்போதும் ஞாபகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி குனிந்தாள். "சரி, அடுத்த புள்ளி சொல்லு" என்றாள். இவள் சொன்னாள். அவள் பெரிது பெரிதான கோணல் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அதற்கடுத்ததையும் கேட்டாள். எழுதிக்கொண்டே மூக்குக்குள் பாட்டை முனக ஆரம்பித்தாள்.

காப்பாளர் கை நிறையத் தட்டுகளோடு வந்து வாசலில் நின்றாள். விளக்குப் பெட்டிமேல் பச்சையும் சிவப்பும் அப்படியே இருந்தன.

"என்னம்மா, இன்னும் துடைக்கலையா?"

"இரும்மா" என்றாள் ரெண்டாயிரங்கோடி, லென்ஸில் இருந்து கண்ணை எடுக்காமல். "நாங்க இன்னும் பாத்து முடிக்கல."